பழைய காருக்குப் புதுச் சைலன்சர் பூட்டும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

கலியாண ஊர்வலம், கோயில் திருவிழா என்றால் பழைய கார் ஒன்றின் படம் பத்திரிகையில் எப்படியும் வந்துவிடுகிறது. மினுக்கிய பொனற், குரோம் பம்பர், பூமாலை. படத்தில் தெரியாத கீழ்ப்பக்கத்தைப் பற்றியது இந்தக் கடிதம். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களின் சொந்தக்காரர் கராஜுக்கு வந்து சொல்லும் முறைப்பாடுகளில் ஒன்று மாறுவதேயில்லை: "புதுச் சைலன்சர் போட்டு ஆறு மாதம் ஆகேல்லை, முறிஞ்சு போச்சு." சாமான் கூடாது என்று முடிவெடுத்து இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் அதே இடத்தில் முறியும். தகடு கூடாதென்றால் ஓட்டை எங்கேயும் விழலாம். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வெடிக்கிறதென்றால் பூட்டிய விதத்தில்தான் பிழை இருக்கிறது.

எல்லாக் காருக்கும் பொதுவாகச் சொல்லிக் குழப்பாமல், இங்கே அதிகம் ஓடும் மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்கிறோம். அதில் 948 சிசி எஞ்சினும் 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். காபரேற்றரும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பான புகை மனிபோல்ட்டும் எஞ்சினின் இடப்பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து இறங்கும் முன்குழாய் தரையின் கீழால் பின்னோக்கிப் போய்ச் சைலன்சரில் சேரும். அதற்குப் பின்னால் வால்குழாய்.

இந்த நீளத்தில் முன்பகுதி எஞ்சினோடு சேர்ந்து ஆடும், பின்பகுதி காரின் உடலோடு நிற்கும். எஞ்சின் இறப்பர் தாங்கியில் உட்கார்ந்திருப்பதால் கிளச்சை விடும்போதும் அக்சிலறேற்றரை மிதிக்கும்போதும் பக்கவாட்டில் புரளும். குழாய் அந்தப் புரளலோடு கூடவே போகவேண்டும். போகவிடாமல் உடலோடு விறைப்பாகக் கட்டினால், மனிபோல்ட் வாயில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்தான் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கும். முதலில் அது தளர்ந்து டிக் டிக் என்று சத்தம் வரும். பிறகு குழாயின் விரிந்த வாய் வளையமாக வெடிக்கும். ஆகவே புதுச் சைலன்சர் வாங்கமுன் எஞ்சின் தாங்கி இறப்பர்களையும் கியர்பெட்டித் தாங்கியையும் பாருங்கள். எண்ணெயில் ஊறிப் பிளந்திருந்தால் அதை மாற்றாமல் குழாயில் கை வைப்பது வீண்வேலை.

கழற்றுவதில் அவசரம் கூடாது. முதல்நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுக்கும் விட்டு வையுங்கள். காலையில் சாவியைப் போட்டதும் ஒரேயடியாகத் தளர்த்தப் பார்க்காமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். கறள் உடைகிற சின்னச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், நட் ஏறியிருக்கும் புரிக்கம்பியான ஸ்ரட்டைச் சூடாக்க வேண்டாம். பெற்றோல் குழாயும் காபரேற்றரும் ஒரு சாண் தள்ளித்தான் இருக்கின்றன என்பது நெருப்பைப் பிடிக்கும் கைக்கு நினைவிருக்கட்டும். பழைய குழாயை முழுசாகக் காப்பாற்றும் ஆசையில் இழுத்து ஆட்டாதீர்கள், இரும்பறுக்கும் வாளால் வெட்டி எடுங்கள். இழுக்கும்போது முறிவது எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலையில் புதைந்த ஸ்ரட். ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் வேலையாக்குவது அதுதான்.

ஸ்ரட் பற்றி இன்னொன்று. இந்த எஞ்சின்களில் மனிபோல்ட் ஸ்ரட் 5/16 அங்குலம், நட் ஏறும் பக்கம் நுண்புரி. 5/16 என்பது 7.94 மில்லிமீற்றர். அதனால் கடையில் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் நட்டைப் பார்த்துக் 'கிட்டத்தட்ட ஒன்றுதானே' என்று சிலர் ஏற்றிவிடுகிறார்கள். விட்டம் ஒன்றுபோல் இருந்தாலும் புரியின் இடைவெளி வேறு. 8 மில்லிமீற்றரில் 1.25, 5/16 நுண்புரியில் சற்றேறக்குறைய 1.06. ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதைப் பார்த்து நன்றாகப் பூட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஸ்ரட்டின் புரியைத் தின்றுகொண்டிருக்கிறது. 13ஆம் நம்பர் சாவியும் அப்படித்தான். நட்டின் முகம் அரை அங்குலம், அதாவது 12.7. கறள் பிடித்த நட்டில் அந்த 0.3 வித்தியாசம் மூலையை உருட்டிவிடும். அரை அங்குலச் சாவியே எடுங்கள். நட் புதிதாகப் போடுவதென்றால் பித்தளை நட் போடுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

குழாயைத் தொடுமுன் மனிபோல்ட் முகத்தைப் பாருங்கள். தலையில் புகை வெளியேறும் வாய்கள் மூன்றுதான். ஓரத்து இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி வாய், நடுவில் உள்ள இரண்டுக்கும் சேர்ந்து ஒன்று. நடுவாய் மற்ற இரண்டையும்விட அதிகம் சூடேறும். வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் மனிபோல்ட் வில்போல் வளைந்திருக்கலாம். நேரான உருக்குச் சட்டம் ஒன்றை மூன்று வாய்க்கும் குறுக்கே வைத்து, இடைவெளி அளக்கும் பீலர் கேஜில் 0.1 மில்லிமீற்றர் இதழ் எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் லேத் பட்டறையில் முகம் சீவவேண்டும். அப்போது எஞ்சினுக்குள் காற்றையும் பெற்றோலையும் அனுப்பும் காற்று மனிபோல்ட்டையும் புகை மனிபோல்ட்டையும் சேர்த்துப் பூட்டியபடியே கொடுக்கவேண்டும். ஒன்றை மட்டும் சீவினால் அதன் தட்டு மெலியும். இரண்டு தட்டுக்கும் பாலமாக உட்காரும் தடித்த வோஷர் அந்தப் பக்கம் சரிந்துவிடும். சரிந்த வோஷர் தடித்த தட்டை மட்டும் அழுத்தும், மெல்லியது தளர்ந்தே இருக்கும். முகங்களுக்கு நடுவில் வைக்கும் அடைப்பான கஸ்கெட்டைத் திரும்பத் திரும்ப மாற்றியும் ஒழுக்கு நிற்காத கார்களில் முதலில் பார்க்கவேண்டியது இந்த வோஷரை.

கஸ்கெட்டுக்கும் பக்கம் உண்டு. துளைகள் உள்ள உலோகத் தகடு தெரியும் முகம் மனிபோல்ட்டைப் பார்க்க, மற்றது தலையைப் பார்க்க. அதில் பசை எதுவும் பூசவேண்டாம். சிலிக்கன் பசை அங்கே ஒரு வாரம்கூட நிற்காது. பழைய கஸ்கெட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலக் கஸ்கெட்டில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், காய்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. காற்றுக் குழாயால் ஊதித் துடைப்பது அதைவிடக் கேடு. நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கும் அளவு 15 அடி-இறாத்தல், ஏறத்தாழ 20 நியூற்றன் மீற்றர். கைப்பலத்தை நம்பி முறுக்கினால் மனிபோல்ட்டின் காது உடையும்.

இனி, அதிகம் பிழை நடக்கும் இடம். மனிபோல்ட்டின் கீழ்வாய் கூம்பு வடிவில் வெளியே விரிந்திருக்கும், முன்குழாயின் வாயும் விரிந்திருக்கும். இரண்டையும் இரு பாதிக் கிளாம்ப் கவ்விப் பிடிக்கும். கிளாம்பின் உட்பக்கம் சரிவாக இருப்பதால், போல்ற் இறுக இறுக இரு வாய்களும் ஒன்றோடொன்று அழுந்தும். இது வேலை செய்யவேண்டுமென்றால் இறுக்கி முடிந்த பிறகும் கிளாம்பின் இரு பாதிகளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக, இரண்டு மூன்று மில்லிமீற்றராவது. பாதிகள் ஒன்றையொன்று முட்டிவிட்டால் போல்ற் இறுகுமே தவிர வாய்கள் இறுகாது. புதுச் சாமானில் இது அடிக்கடி நடக்கிறது. குழாயின் விரிவு சின்னதாக இருக்கும், அல்லது கிளாம்ப் மெல்லிய தகட்டில் அடித்ததாக இருக்கும், இழுத்தவுடன் நீளும். முட்டும் முனைகளை அரத்தால் கொஞ்சம் ராவிக் கொடுக்கலாம். தகட்டுக் கிளாம்ப் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய வார்ப்புக் கிளாம்பைச் சுத்தம் செய்து பூட்டுவதே மேல்.

பூட்டமுன் வாயோடு வாய் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி. மனிபோல்ட் வாயில் பாடசாலைச் சோக்கைப் பூசி, குழாயை வைத்து அழுத்தி, ஒரு தடவை இலேசாகத் திருப்பி எடுங்கள். சோக்கு வளையமாக முழுதும் ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் குழாய் சரிந்து நிற்கிறது, அல்லது விரிவு கோணல். அதைப் பசையால் நிரப்பப் பார்க்காதீர்கள். சரியாக உட்காரும் வாய்க்கு மெல்லிய பூச்சாகப் புகைக்குழாய்ப் பசை போதும்.

ஒஸ்ரின், ஒக்ஸ்போர்ட் போன்றவற்றில் முன்குழாய் பூட்டும் முறை மைனரைப்போல் இராமலும் போகலாம். மற்றப் பூட்டும் விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

மனிபோல்ட்டைத் தாண்டியதும் வரும் முதல் தாங்கி கியர்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பட்டை. கழற்றும்போது இது முறிந்திருக்கும், அல்லது எப்போதோ காணாமல் போயிருக்கும். இல்லாமலும் கார் ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். நாம் பார்த்த முறிவுகளில் பாதிக்கு மேல் காரணம் இந்த உள்ளங்கையளவு தகடுதான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கட்டையாக ஆடுபவை. குழாயின் முன்பகுதியை அந்தக் கட்டையோடு இறுகப் பிடித்து வைத்தால் மனிபோல்ட் வாயில் வளைவு விசை வராது. பட்டை இல்லாவிட்டால் ஒன்றரை அடிக்கு மேல் தொங்கும் குழாயின் முழுப் பாரமும் அந்த வாயில்தான். ஆகவே இந்த ஒரு தாங்கி விறைப்பாக இருக்கவேண்டும், இதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் இறப்பரில் தொங்கவேண்டும். பல இடங்களில் இது தலைகீழாகச் செய்யப்படுகிறது. முன்னால் இறப்பர்த் துண்டு, பின்னால் இரும்புப் பட்டையை உடலோடு வெல்டிங் ஒட்டு!

இறப்பருக்குப் பதில் கம்பியும் பட்டையும் போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று எங்களுக்குத் தெரியும். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் இந்தக் கார்கள் மூடியளவு பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை. பால்மாப் பேணித் தகரமும் கட்டுக்கம்பியும்தான் சைலன்சரைத் தாங்கிப் பிடித்தன. அன்றைக்கு அது கெட்டித்தனம். இன்றைக்கு அதையே செய்தால் தரைத்தகடு அதிர்ந்து ஊளையிடும், சில மாதத்தில் ஒட்டிய இடத்தில் தரைத்தகடே கிழியும். புது இறப்பர் கிடைக்காவிட்டால் பழைய ரயரில் வெட்டிய துண்டு பரவாயில்லை, நூல் ரயராக இருக்கவேண்டும். கம்பி ரயரில் வெட்டினால் வெட்டுமுனையில் கம்பி கறளேறி இறப்பரை உள்ளிருந்து பிரிக்கும்.

குழாய்த் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கும்போது 40 முதல் 50 மில்லிமீற்றர் உள்ளே போகட்டும். அதைவிடக் குறைந்தால் கிளாம்ப் பிடிக்க இடமில்லை. பசையை உள்ளே நுழையும் குழாயின் வெளிமுகத்தில் பூசுங்கள். வெளிக்குழாயின் உள்ளே பூசினால் தள்ளும்போது எல்லாம் உள்ளே வழிந்து, காய்ந்து, பின்னர் சைலன்சருக்குள் கல்லாகக் கிடந்து கிலுங்கும். கீறல் வெட்டிய குழாய் என்றால் கிளாம்ப் கீறலின் மேல் இருக்கவேண்டும், கீறல் முடியும் இடத்துக்கு அப்பால் போனால் பயன் இல்லை. யூ-போல்ற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்குழாய் நசுங்கி, அடுத்த முறை பிரிக்கவே முடியாது. சைலன்சருக்கும் முன்பின் உண்டு. அம்புக்குறி இருந்தால் புகை போகும் திசை அது. இல்லாவிட்டால் பழையதை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டுங்கள், எதையும் இறுக்காதீர்கள். முன்குழாய், பட்டை, சைலன்சர், வால்குழாய், இறப்பர் எல்லாம் விரலால் திருகிய அளவிலேயே தொங்கட்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் பிழை போய்விடும். முன்னால் ஒன்றை இறுக்கிவிட்டுப் பின்னால் வருகிறவர், கடைசி இறப்பர் துளைக்கு எட்டாதபோது நெம்புகோல் போட்டு இழுத்துப் பூட்டுகிறார். அந்த இழுவை அப்படியே குழாய்க்குள் வில்லாக இருக்கும். எஞ்சின் அதிர்வு அந்த வில்லில் ஏறினால் மூன்று மாதத்தில் ஒட்டு வெடிக்கும்.

தொங்கவிட்டபின் காரைச் சில்லில் இறக்குங்கள். ஜக்கில் தூக்கிய காரில் பின் அச்சு தொங்கிப் போயிருக்கும். அப்போது குழாய்க்கும் அச்சுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி பொய். காரை இறக்கி, பின் ஆசனத்தில் மூன்று பேரை உட்காரவைத்து, பின்பக்கத்தைக் கையால் அமுக்கி ஆட்டிப் பாருங்கள். வால்குழாய் அச்சுக்கு மேலால் வளையும் இடத்தில், தகட்டு வில் முழுதும் அமர்ந்தாலும் அச்சு குழாயைத் தொடக்கூடாது. ஒரு விரல் தடிப்பாவது மிச்சமிருக்கவேண்டும். அசையாத பாகங்களுக்கு அரை அங்குலம் போதும். பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள், பெற்றோல் குழாய், மின்வயர் இவற்றுக்கு ஒரு அங்குலம் கட்டாயம். பிரேக் திரவம் சூடேறிக் கொதித்தால் மிதிபலகை பஞ்சுபோல் உள்ளே போகும். பிரேக்கை இரண்டு தடவை காற்றெடுத்தும் சரிவராமல், கடைசியில் புகைக்குழாய் பிரேக் குழாயில் உரசுவது கண்டுபிடிக்கப்பட்ட கார்கள் உண்டு.

சூடேறும்போது குழாய் நீளும் என்பதையும் மறக்கவேண்டாம். சாதாரண உருக்கு ஒரு மீற்றருக்கு ஒவ்வொரு 100 பாகை செல்சியசுக்கும் 1.2 மில்லிமீற்றர் நீளும். இரண்டரை மீற்றர்க் குழாய் சராசரியாக 250 பாகை ஏறினால் ஏழரை மில்லிமீற்றர். கறள் பிடிக்காத உருக்கு இன்னும் அதிகம் நீளும், பத்து மில்லிமீற்றரைத் தாண்டும். நீளும் குழாய் பின்னோக்கித்தான் போகும். ஆகவே ஆறிய நிலையில் பின் இறப்பர்களின் கீழ்முனை கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும், சூடானதும் நேராக நிற்கும். வால்குழாய் நுனி பம்பரை ஒட்டி நின்றால் சூட்டில் பம்பரில் தட்டும். ஓடும்போது கிணு கிணு என்று கேட்டு, நிறுத்திப் பார்க்கும்போது மாயமாகும் சத்தம் இதுதான்.

பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். மனிபோல்ட் வாய், பட்டை, நடு மூட்டு, சைலன்சர், கடைசியாக வால்.

புது இறக்குமதிக் குழாய் வாங்க வசதியில்லாமல் உள்ளூர்ப் பட்டறையில் செய்விப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தண்ணீர்க் குழாயில் செய்யவிடாதீர்கள். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாயின் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல், மீற்றருக்கு மூன்று கிலோ நிறை. ஒன்றரை மில்லிமீற்றர் சுவருள்ள புகைக்குழாய் 38 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒன்றரைக் கிலோகூட வராது. இருமடங்குப் பாரத்தை அதே இறப்பரும் அதே கிளாம்பும் தாங்கவேண்டியிருக்கும். போதாததற்கு ஜி.ஐ. குழாயில் பூசியிருப்பது நாகம் என்ற உலோகம். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைப்பதென்றால் மணலை வறுத்துக் காயவைத்து நிரப்புங்கள். ஈரமணல் நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் கக்கும். வளைவில் குழாய் நசுங்கினால் அந்த இடத்தின் அகலம்தான் முழுக் குழாயின் அகலம்.

அகலக் குழாய் போட்டால் ஓட்டம் கூடும் என்ற நம்பிக்கையும் ஒன்றிருக்கிறது. 1098 சிசி மைனர் எஞ்சினின் வலு 48 குதிரை. அந்த மூச்சுக்கு அதன் சொந்தக் குழாய் அளவானது. இரண்டங்குலக் குழாய் போட்டவர் பெறுவது சத்தமும் பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும்தான். கழற்றிய குழாயின் வெளிவிட்டத்தை நசுங்காத இடத்தில் கலிப்பரால் அளந்து, அதே அளவில் செய்வியுங்கள். முன்குழாயைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடிநார்ப் பட்டி சுற்றும் மோகத்தையும் விட்டுவிடலாம். எங்கள் உப்புக்காற்றில் அந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக் குழாயை வெளியிலிருந்து தின்னும்.

காரின் கீழேயே வைத்து வெல்டிங் ஒட்டவேண்டாம். மூட்டுகளைச் சோக்கால் குறித்து, தேவையானால் ஒரு பொட்டு மட்டும் வைத்து, கழற்றி வெளியே எடுத்து முழுதாக ஒட்டுங்கள். பெற்றோல் தாங்கி பின்னால், வால்குழாய்க்குக் கிட்டத்தான் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். கராஜ்க் குழியில் தங்கி நிற்கும், மேலே நிற்பவரின் மூக்குக்குத் தெரியாமலும் போகலாம். அந்த ஒரு பொட்டு வைக்கவும் பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். கீழே படுக்கிறவருக்கு ஜக் மட்டும் துணையாகாது. சீமெந்துக் கல் அடுக்கி வேலை செய்வதை இன்றும் காண்கிறோம். அது நொறுங்கும்போது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாகப் பொடியாகும். இரும்பு ஸ்ராண்ட் இரண்டு வாங்குங்கள்.

பூட்டி முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பி, சும்மா ஓடவிட்டு, வெளியில் நின்று பாருங்கள். பத்து நிமிடம் புகையும், எண்ணெயும் வர்ணமும் எரியும் மணம் வரும், பயப்படவேண்டாம். குளிரில் கிளப்பிய உடனேயே, தடித்த கையுறையோடு, மடித்த சீலையை வால்குழாய் வாயில் இரண்டு மூன்று வினாடி பொத்துங்கள். சத்தம் அமுங்கி எஞ்சின் திணறினால் மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. நடுவில் எங்கேயோ சீறினால் அங்கே ஒழுக்கு. சூடாகமுன் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். சில நாள் ஓடியபின் என்றால் ஒழுகும் இடத்தில் கரிக்கோடு தெரியும். குளிரில் டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் நின்றுவிடும் சத்தம் மனிபோல்ட் கஸ்கெட்டுடையது. அக்சிலறேற்றரை விட்டவுடன் பின்னால் பட் பட் என்று வெடித்தால், எங்கோ மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. புகைப் பரிசோதனைக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். உள்ளே போகும் காற்று புகையைக் கலைத்து அளவைப் பொய்யாக்கும், அதை நம்பிக் காபரேற்றரைத் திருகினால் ஓட்டமும் கெடும்.

ஒழுக்கைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இந்தக் கார்களின் தரைத்தகட்டில் வயரும் கேபிளும் போகும் துளைகளின் இறப்பர் எப்போதோ உதிர்ந்திருக்கும். கீழே ஒழுகினால் மேலே வரும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது தலையிடியும் வாந்தி வருவதுபோன்ற உணர்வும் வந்தால் அதைப் பயணக் களைப்பென்று விடவேண்டாம். வால்குழாயின் நுனியும் உடலின் ஓரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு அங்குலம் வெளியே நிற்கவேண்டும். ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று உள்ளிழுக்கும். குட்டை வால் என்றால் டிக்கி இறப்பரின் பிளவு வழியாகப் புகை பின் ஆசனத்துக்கு வரும். குழந்தைகள் இருப்பது அந்த ஆசனத்தில்.

கறளைப் பற்றி எல்லோரும் உப்புக்காற்றைத்தான் குற்றம் சொல்வார்கள். அது வெளிப்பக்கம். உள்ளிருந்து தின்பது தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். கலியாணத்துக்கு மட்டும் கொட்டிலிலிருந்து வெளியே வந்து இரண்டு மைல் ஓடும் காரில் அது சைலன்சரின் அடியில் தேங்கி நிற்கும். அதனால் வருடம் முழுக்க ஓடும் வாடகைக் காரின் சைலன்சர், கொட்டிலில் பொத்தி வைத்த காரினதைவிட நீண்டநாள் நிற்பதுண்டு. மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது சூடேற ஓட்டுங்கள். சைலன்சரின் தாழ்ந்த மூலையில் 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்று இருந்தால் தண்ணீர் வடியும். புதுச் சைலன்சரில் அப்படித் துளை தெரிந்தால் ஓட்டை என்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள், செய்தவரே வைத்தது. வெளியே சாதாரண இனாமல் அடிப்பது காசுக்குக் கேடு, முதல் ஓட்டத்திலேயே உரியும். சூடு தாங்கும் அலுமினியப் பூச்சை, முக்கியமாக ஒட்டிய இடங்களில், அடியுங்கள். போல்ற் புரியில் செப்புக் கிறீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்து, எஞ்சின் முற்றாக ஆறியபின் மனிபோல்ட் நட்டுகளையும் கிளாம்பையும் இன்னொரு தடவை பாருங்கள். கஸ்கெட் அமர்ந்து நட் கால் சுற்றுத் தளர்ந்திருக்கும். சூடாக இருக்கும்போது இறுக்காதீர்கள். 100 கிலோமீற்றர் ஓடியபின் மூன்றாம் தடவை. அதுவரை, கழற்றிய பழைய குழாயையும் பட்டையையும் கிளாம்பையும் பழைய இரும்பு வாங்குகிறவருக்குக் கொடுக்காமல் கொட்டில் மூலையில் வையுங்கள். புதியது எங்கேயாவது தட்டினால், எந்த வளைவு எத்தனை பாகை, எந்தத் தாங்கி எவ்வளவு தூரத்தில் என்று அளந்து பார்க்க வேறு மாதிரி கிடையாது.

இப்படிக்கு,
பழைய கார்ப் பட்டறை வேலையாட்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.